சிங்கத்தின் தலையில் இருந்தது

அன்புள்ள ஐயா,
பத்து ரூபாய் நாணயத்தைக் காட்டி, “புக்குல நாலு சிங்கம்னு போட்டிருக்கு, இதுல மூணுதானே இருக்கு?” என்று என் மகள் கேட்கிறாள். ஏன் ஒன்றை மறைத்தார்கள்? புதிய நாடாளுமன்றத்தின் மேலுள்ள சிங்கங்கள் சீறுகின்றன என்கிறார்களே, உங்கள் கருத்து என்ன? எப்படியும் சிங்கம்தானே நம் சின்னம்!
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

யாரும் எதையும் மறைக்கவில்லை. நாலும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. எந்தப் பக்கமிருந்து வரைந்தாலும் ஒன்று பின்னால் போய்விடும். சீறுகிறதா இல்லையா என்ற சண்டையை 2022-லேயே போட்டு முடித்துவிட்டார்கள். அதற்கு நான் வரவில்லை.

ஆனால் அந்தக் கடைசி வரி இருக்கிறதே! சிங்கம் அங்கே சுமைதாங்கி, ஐயா. அசோகர் சாரநாத்தில் நட்ட தூணின் உச்சியில் அந்த நாலு சிங்கங்களும் ஒரு பெரிய கல் சக்கரத்தைத் தாங்கி நின்றன. புத்தர் முதன்முதலில் அறம் சொன்ன இடமல்லவா? அந்த அறத்தின் அடையாளமான சக்கரம்தான் அங்கே பேச்சே. 1905 வாக்கில் ஓர்ட்டெல் என்ற பொறியாளர் தோண்டியபோது தூண் உடைந்து கிடந்தது, சக்கரம் துண்டு துண்டாக. 1950 ஜனவரி 26 அன்று நாம் சின்னமாக ஏற்றது மிஞ்சியதைத்தான். அதிலும் அடியிலிருந்த கவிழ்ந்த தாமரையை விட்டுவிட்டோம். சாமியைக் கோயிலிலேயே இறக்கிவைத்துவிட்டு சிம்ம வாகனத்தை மட்டும் வீதியுலா கொண்டுபோன கதை. இப்போது எல்லோரும் வாகனத்துக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.

சாரநாத் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போயிருக்கிறேன். நானும் உங்கள் மகளைப் போலத்தான், நாலாவது சிங்கத்தைப் பார்க்கப் பின்பக்கம் ஓடினேன். மணற்கல் என்றே நம்ப முடியாத வழவழப்பு. சுருள் சுருளான பிடரி. அதிலேயே சொக்கி நின்றுவிட்டேன். பேருந்து ஏறிய பிறகுதான், அந்தச் சக்கரத்தின் துண்டுகளைத் தேடிக்கூடப் பார்க்கவில்லையே என்று உறைத்தது. இன்றும் உறுத்துகிறது. அந்தக் கோபத்தைத்தான் உங்கள்மேல் காட்டுகிறேன் போல.

சரி, மகளிடம் ஒரு பூதக்கண்ணாடி கொடுங்கள். சிங்கங்களின் காலடியில் இடப்பக்கம் ஓடும் குதிரை, வலப்பக்கம் காளை. யானையும் இன்னொரு சிங்கமும் கண்ணுக்குப் படாத பக்கத்தில். நடுவே பொடியாக ஒரு சக்கரம். அதுதான் 24 ஆரக்கால்களோடு கொடிக்குப் போனது. நாணயத்தில் எண்ண முயலவேண்டாம் என்று சொல்லுங்கள். நான் எண்ணிப் பார்த்துக் கண் வலித்ததுதான் மிச்சம்.