ஐந்தடி யாருக்கு? – கடிதம்

வணக்கம். மலேசியாவின் பினாங்கில் ஐந்தடியில், அதாவது கடைகளின் முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் நடைபாதையில், உட்கார்ந்து வேலை பார்க்கும் கைத்தொழில்காரர்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். சமீபத்தில் பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகருக்கு வந்திருந்தேன். சூலியா தெருவில் அம்மாவைக் கைபிடித்து அழைத்துப் போனால், நான்கு கடைக்கு ஒரு தடவை ரோட்டில் இறங்க வேண்டியிருந்தது. ஜனங்கள் நடப்பதற்காக வெள்ளைக்காரன் போட்ட பாதையை மறித்தவர்களுக்காக ஏன் இவ்வளவு உருகுகிறீர்கள்? உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்தால் ஆகாதா?

– ஒரு வாசகர், தூத்துக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

அம்மாவை ரோட்டில் இறக்க வேண்டி வந்தது தப்புதான், அதற்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். ஆனால் இன்று அங்கே வழியை அடைத்து நிற்பவை பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்களும் சாப்பாட்டுக் கடை நாற்காலிகளும்தான். அந்தப் பழியைக் கைத்தொழில்காரர் தலையில் போடாதீர்கள்.

உள்ளே உட்கார்ந்தால் ஆகாதா? ஆகாது. இந்தக் கடைவீடுகள் முகப்பில் குறுகல், பின்னால் ரயில் பெட்டி மாதிரி நீளம். நடுவே முற்றம் இருந்தாலும் முன்கட்டு பகலிலேயே மங்கல். சொங்கோக் தைப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். மலாய்க்காரர்கள் அணியும் கறுப்பு வெல்வெட் தொப்பி அது. பினாங்கில் அதைத் தைத்தவர்களில் தமிழ் முஸ்லிம்களும் உண்டு. தலைச்சுற்றை அளந்து, விறைப்புக்குக் கனத்த தாளை வெட்டி, உள்ளே சாட்டின், வெளியே வெல்வெட் கொடுத்துத் தைப்பார்கள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல்! தையல் கொஞ்சம் விலகினாலும் மேல்தட்டு கோணிக்கொள்ளும். வெயிலும் மழையும் படாமல் வெளிச்சம் மட்டும் விழுகிற இடம் அஞ்சடிதான். தெருவில் போகிறவர் அப்படியே நின்று தலையைக் காட்டி அளவு கொடுத்துவிட்டும் போகலாம்.

வெள்ளைக்காரன் போட்ட பாதை என்பதும் பாதிதான் சரி. கடைகளின் முன்னால் எப்போதும் திறந்திருக்கும், கூரை போட்ட தொடர் நடை வேண்டும் என்று 1822-ல் சிங்கப்பூருக்கு உத்தரவு போட்டவர் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ். கட்டியவரோ மனைக்காரர், தன் செலவில். அப்புறம் சண்டை வராமல் இருக்குமா? ‘என் வாசல்’ என்றார் அவர், ‘பொதுவழி’ என்றது நகராட்சி. முன்னிடத்தை உள்வாடகைக்கு விட்ட கடைக்காரர்களும் இருந்தார்கள். 1888 பிப்ரவரியில் நகராட்சி அஞ்சடிகளைக் காலிசெய்யக் கிளம்பியபோது சிங்கப்பூரில் கடையடைப்பு, கல்வீச்சு, கலவரம் எல்லாம் நடந்தன.

பினாங்கில் கைத்தொழில்காரர்களைக் கிளப்பியதில் வாடகைக்குப் பெரிய பங்கு உண்டு. பழைய கட்டடங்களின் வாடகையைக் கட்டுக்குள் வைத்திருந்த 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1997-ல் ரத்துசெய்தார்கள். 1999 முடியும்வரை அவகாசம். 2000 பிறந்ததும் ஜார்ஜ் டவுனில் வாடகை எகிறியது. ஒரு நாளைக்கு இரண்டு தொப்பி தைக்கிறவர் அதை எங்கிருந்து கொடுப்பார்? குடித்தனக்காரர்களும் கூட்டம் கூட்டமாக ஊருக்கு வெளியே போனார்கள், அவர்களோடு வாடிக்கையும் போனது. 2008-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்து கட்டடங்கள் பிழைத்தன. பிரம்பு முடைந்தவர், பலகையில் எழுத்து செதுக்கியவர் என்று பலர் அதற்குள் கடையைக் கட்டிவிட்டிருந்தார்கள். மிஞ்சிய சிலரைத்தான் இப்போது சுற்றுலாக்காரர்கள் படமெடுக்கிறார்கள். தொப்பி வாங்குகிறவர் குறைவு.

சரி, என்னதான் செய்யலாம் என்றால்: சக்கர நாற்காலி போக அளவாக ஒரு கோடு போட்டு, சுவரோரம் ஒரு மேஜைக்கு இடம் விட்டால் போதும். அதற்கு முன்னால் மோட்டார் சைக்கிள்களுக்கு நகராட்சி வேறு இடம் பார்க்க வேண்டும்.

அன்புடன்.