நூலகர் சங்கத்தில் சேர்ந்தால் என்ன பயன்?

கேள்வி: சுயநிதிக் கல்லூரியில் ஒற்றை ஆளாக நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். சங்கத்துக்குச் சந்தா கட்டினால் உருப்படியாக என்ன கிடைக்கும்?
– கல்லூரி நூலகர், தேனி

பதில்: ஒற்றை ஆளாக இருப்பவர்தான் முதலில் சேர வேண்டும். பழைய நூல் பட்டியலை, நூலக வேலைகளுக்கான கோஹா மென்பொருளில் ஏற்றுகிறீர்கள் என்று வையுங்கள். தமிழ்த் தலைப்புகள் மட்டும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக வந்து நிற்கும். காரணம், அவை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானவை. ஏற்றும் முன்பே யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். கோப்பு முழுவதையும் ஒரேயடியாக மாற்றினால் ஆங்கிலத் தலைப்புகளும் சிதைந்துவிடும். தமிழ் வரிசைகளைத் தனியே பிரித்துத்தான் மாற்ற வேண்டும். அதன் பிறகும் தமிழில் தேடினால் சரியாகக் கிடைக்கவில்லையா? கோஹாவின் தேடலுக்குப் பயன்படும் ஜீப்ரா அட்டவணையை, யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐ.சி.யு. முறைக்கு மாற்றி, முழுதாக மறுபடி உருவாக்குங்கள். இந்தச் சிக்கலைத் தாண்டி வந்த நூலகர்கள் சங்கத்தில் இருப்பார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் வேலை முடியும். சந்தாவுக்கு அதுவே போதும்.

கேள்வி: சங்கக் கருத்தரங்கச் சான்றிதழ் பதவி உயர்வுக்கு உதவுமா?
– நூலகர், கரூர்

பதில்: அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிகளின்படி உதவி நூலகர், கல்லூரி நூலகர் முதல் படி ஏற, 21 நாள் அறிமுகப் பயிற்சியோடு (ஓரியன்டேஷன்), நூலகத் தானியக்கம் சார்ந்த குறைந்தது 5 நாள் பயிற்சியும் வேண்டும். இரண்டு நாள் கருத்தரங்குச் சான்றிதழ் அந்த 5 நாளுக்கு ஈடாகாது. பெயர் கொடுக்கும் முன் எத்தனை நாள், யார் நடத்துகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எந்தச் சங்கத்தில் சேரலாம்?
– நூலகவியல் மாணவி, மதுரை

பதில்: சென்னை நூலகச் சங்கம் 1928-இல் தொடங்கியது. இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர்.ரங்கநாதன் அதன் செயலாளராக இருந்து உழைத்தார். 1929-இல் அச்சங்கம் தொடங்கிய பயிற்சியைத்தான் பிறகு சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. 1948-இன் பொது நூலகச் சட்டமும் அந்த உழைப்பின் பலனே. இன்று சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாவது அச்சட்டத்தால்தான். தனி ஒரு நூலகர் கேட்டு இது நடந்திருக்காது. தேசிய அளவில் இந்திய நூலகச் சங்கம் (1933) உண்டு. ஆய்வு நிறுவன நூலகம் உங்கள் இலக்கு என்றால், சிறப்பு நூலகங்களுக்கான சங்கமான கொல்கத்தாவின் ஐயாஸ்லிக் (1955) பொருந்தும்.

முதலில் ஓராண்டுச் சந்தா போதும். ஆயுள் சந்தாவுக்கு அவசரம் வேண்டாம். பொதுக்குழு கூடுகிறதா, தேர்தல் நடக்கிறதா என்று பாருங்கள். படிவத்தில் வீட்டு முகவரியையே எழுதுங்கள். கல்லூரி முகவரி கொடுத்தால், வேலை மாறியபின் இதழ்கள் அங்கேயே போய்க் கிடக்கும்.