ஒரே தீர்ப்புக்கு நான்கு முகவரி: மனுவில் எதை எழுதுவது?

கேள்வி: வணக்கம் சார். திண்டுக்கல் பக்கம் ஒரு நீதிமன்றத்தில் இரண்டு வருடமாக ஜூனியராக இருக்கிறேன். போன வாரம் ஒரு எம்.சி.ஓ.பி. (சாலை விபத்து இழப்பீடு) வழக்கின் எழுத்து வாதத்தில் சர்லா வர்மா தீர்ப்பை "2009 ஏ.சி.ஜே. 1298, பத்தி 42" என்று எழுதி, இணையத்தில் எடுத்த பிரதியை இணைத்திருந்தேன். நீதிபதி புரட்டிப் பார்த்துவிட்டு, "42-வது பத்தி எங்கேம்மா?" என்று கேட்டார். தேடினேன், கிடைக்கவில்லை. இன்னொரு தீர்ப்புக்கு நியூட்ரல் எண் (நீதிமன்றமே தீர்ப்புக்குத் தரும் எண்) மட்டும் போட்டிருந்தேன். காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுந்து, "இது எந்த ஜர்னலிலும் வரவில்லை, ஏற்கக்கூடாது" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சைட்டேஷனை, அதாவது தீர்ப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பை, எப்படி எழுதினால் சரி?

பதில்: முதல் விஷயத்தில் தவறு உங்களுடையதுதான். இரண்டாவதில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சொன்னது தவறு. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

சர்லா வர்மா தீர்ப்பு மூன்று தீர்ப்புத் தொடர்களில் கிடைக்கும்: சுப்ரீம் கோர்ட் கேசஸில் (2009) 6 எஸ்.சி.சி. 121, ஆல் இந்தியா ரிப்போர்ட்டரில் ஏ.ஐ.ஆர். 2009 எஸ்.சி. 3104, ஆக்சிடென்ட்ஸ் கிளெய்ம்ஸ் ஜர்னலில் 2009 ஏ.சி.ஜே. 1298. விபத்து வழக்கு நடத்துபவர்கள் எல்லோரும் "பத்தி 42" என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். வயதுக்கு ஏற்ற மல்டிப்ளையர் (இழப்பீட்டைக் கணக்கிட ஆண்டு இழப்பைப் பெருக்கும் எண்) அங்கேதான் இருக்கிறது: 15 முதல் 25 வயது வரை 18, 26 முதல் 30 வரை 17, 31 முதல் 35 வரை 16 என்று இறங்கிக்கொண்டே போகும். பிரணய் சேத்தி வழக்கில், (2017) 16 எஸ்.சி.சி. 680, ஐந்து நீதிபதிகள் அமர்வும் அந்தப் பத்தியைக் குறிப்பிட்டுத்தான் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த 42 என்ற எண் எஸ்.சி.சி. தந்த எண். எஸ்.சி.சி. ஆசிரியர் குழு தீர்ப்பை அச்சிடும்போது, எண் இல்லாமல் கிடக்கும் உள்பத்திகளையும் பிரித்து வரிசையாக எண் போடும். நீதிமன்றம் வெளியிட்ட மூலப் பிரதியில் அதே வரிகள் வேறு எண்ணில் இருக்கும். நீங்கள் ஏ.சி.ஜே. பக்கத்தைப் போட்டு, எஸ்.சி.சி. பத்தியைச் சேர்த்து, இணையப் பிரதியைக் கையில் கொடுத்துவிட்டீர்கள். ஒரு ஊர்ப் பெயர், இன்னொரு ஊரின் தெருப் பெயர், மூன்றாவது ஊரின் கதவு எண். நீதிபதி எப்படிக் கண்டுபிடிப்பார்?

நானும் இதைச் செய்திருக்கிறேன். தொண்ணூறுகளில், ஒரு மூத்த நீதிபதியின் முன்னால், மேனகா காந்தி தீர்ப்பை "ஏ.ஐ.ஆர். 1978 எஸ்.சி. 248" என்று எழுதிக் கொடுத்தேன். 248 என்பது எஸ்.சி.சி. முதல் தொகுதியின் பக்கம். ஏ.ஐ.ஆரில் அது 597. கோர்ட் ஆபீசர் தடிமனான ஏ.ஐ.ஆர். புத்தகத்தை எடுத்து வந்து 248-ஐத் திறந்து நீதிபதியின் முன் வைத்தார். அங்கே இருந்தது சம்பந்தமே இல்லாத வேறு வழக்கு. அவர் ஒன்றும் திட்டவில்லை. புத்தகத்தை மூடி என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார். அன்று மாலை வரை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகு, எழுதிய எண்ணை வைத்து நானே ஒரு முறை புத்தகத்தைத் திறந்து பார்க்காமல் எந்த சைட்டேஷனையும் தாக்கல் செய்ததில்லை.

சைட்டேஷன் என்பது முகவரிதான், வேறு ஒன்றும் இல்லை. வடிவம் ஏன் இத்தனை விதமாக இருக்கிறது என்றால், ஒவ்வொரு பதிப்பாளரும் தன் புத்தகத்தை அலமாரியில் அடுக்கிய விதம் வேறு. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி இட ஒதுக்கீட்டு ஆணை தொடர்பான செண்பகம் துரைராஜன் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.ஐ.ஆர். 1951 எஸ்.சி. 226. இதில் ஆண்டு, நீதிமன்றம், பக்கம் மட்டும்தான். நாக்பூரிலிருந்து வரும் ஏ.ஐ.ஆர்., ஒவ்வொரு நீதிமன்றத்துக்கும் ஆண்டுக்கு ஒரே பக்க வரிசை வைத்திருக்கிறது. அதனால் தொகுதி எண் தேவையில்லை. அதே தீர்ப்பு உச்ச நீதிமன்றத்தின் சொந்த வெளியீட்டில் 1951 எஸ்.சி.ஆர். 525. அந்தத் தீர்ப்பு வந்தபோது எஸ்.சி.சி. கிடையாது, ஏனென்றால் லக்னோவின் ஈஸ்டர்ன் புக் கம்பெனி அந்தத் தொடரைத் தொடங்கியதே 1969-இல்தான். எஸ்.சி.சி.க்கு ஒரே ஆண்டில் பல தொகுதிகள். அதனால் ஆண்டை அடைப்புக்குறிக்குள் போட்டு, தொகுதி, தொடரின் பெயர், பக்கம் என்று போகும். கேசவானந்த பாரதி (1973) 4 எஸ்.சி.சி. 225 என்பது அப்படி வந்ததுதான்.

நம் சென்னை ஜர்னல்கள் மூன்றுக்கும் மூன்று வழக்கம். மெட்ராஸ் லா ஜர்னல் 1891-லிருந்து வருகிறது. அதில் (2012) 3 எம்.எல்.ஜே. என்று எழுதுவோம். கரன்ட் தமிழ்நாடு கேசஸுக்கு 2012 (3) சி.டி.சி. அடைப்புக்குறி இங்கே ஆண்டைவிட்டு இறங்கி, தொகுதியைச் சுற்றி நிற்கும். லா வீக்லி என்றால் 2012-3-எல்.டபிள்யூ., இடையில் கோடு. ஒரே மனுவில் மூன்றும் கலந்து வந்தாலும் தவறில்லை. அந்தந்தத் தொடரின் வழக்கத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்க்க ஆசைப்பட்டு நீங்களாக மாற்ற வேண்டாம், தேடுபவருக்கு அதுதான் தொல்லை. (இந்தப் பதிலில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தமிழில் மனு எழுதினாலும் தொடரின் பெயரை ஆங்கில எழுத்திலேயே போடுங்கள். தேடுபொறியில் அப்படித்தான் கிடைக்கும்.)

சரி, இப்போது இரண்டாவது விஷயம். "ஜர்னலில் வரவில்லை" என்ற ஆட்சேபம்.

அரசியல் சட்டத்தின் 141-வது பிரிவு, உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது. கட்டுப்படுத்துவது தீர்ப்பு. அதை அச்சடித்த புத்தகம் அல்ல. ஒரு தனியார் பதிப்பகம் தேர்ந்தெடுத்து அச்சிட்டால்தான் சட்டம் என்றால், சட்டத்தைத் தீர்மானிப்பவர் பதிப்பாசிரியர் ஆகிவிடுவாரே! இந்த ஆட்சேபத்துக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. 1875-ஆம் ஆண்டின் இந்தியன் லா ரிப்போர்ட்ஸ் சட்டம், 3-வது பிரிவு. அரசின் அதிகாரத்தோடு வெளிவரும் ரிப்போர்ட்டைத் தவிர வேறு ரிப்போர்ட்டை, உயர் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு ஆதாரமாகக் கேட்கும்படி எந்த நீதிமன்றத்தையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது அதன் சாரம். அதிலிருந்து பிறந்ததுதான் ஐ.எல்.ஆர். தொடர். ஒப்பந்தச் சட்டம் படித்தபோது சின்னய்யா எதிர் ராமய்யா, (1882) ஐ.எல்.ஆர். 4 மெட்ராஸ் 137 என்று படித்திருப்பீர்களே, அந்த வரிசை. அந்தப் பிரிவை அப்படியே எடுத்துக்கொண்டால் எம்.எல்.ஜே., சி.டி.சி., லா வீக்லி வழியாக வரும் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளையும் காட்ட முடியாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் அவற்றைத் தினமும் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார். வெளிவராத தீர்ப்பைப் பார்க்க நீதிபதிக்கு அந்தப் பிரிவு தடை போடவில்லை என்று நீதிமன்றங்களே விளக்கம் சொல்லிவிட்டன.

அடுத்த முறை யாராவது இப்படிச் சொன்னால் அமைதியாகச் சொல்லுங்கள்: "இது உச்ச நீதிமன்றத்தின் தளத்திலிருந்து எடுத்த பிரதி, நீதிமன்றமே கொடுத்த எண் மேலே இருக்கிறது." அதோடு வழக்கு எண்ணையும் தீர்ப்பு நாளையும் வாய்விட்டுப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் அவர் அங்கேயே செல்போனில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நியூட்ரல் எண் வந்ததே இந்தத் தொல்லைக்குத்தான். உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் இதை அறிமுகப்படுத்தியது. 2023 ஐ.என்.எஸ்.சி. என்று எழுதி, வரிசை எண். பக்கமும் இல்லை, பதிப்பாளரும் இல்லை. பிறகு 1950 வரை பின்னோக்கிப் போய் பழைய தீர்ப்புகளுக்கும் எண் கொடுத்தார்கள். இங்கிலாந்து இதை 2001-லேயே செய்துவிட்டது. காசு கொடுத்து ஜர்னல் வாங்க முடியாத ஒரு ஜூனியருக்கும், பெரிய நூலகம் வைத்திருக்கும் சீனியருக்கும் ஒரே முகவரி கிடைக்கிறது. என் தொழில் வாழ்க்கையில் இதுபோல ஜூனியர்களுக்கு உதவிய சீர்திருத்தம் அதிகம் இல்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் உயர் நீதிமன்றங்கள் ஒரே வடிவத்தில் இல்லை. டெல்லியில் 2023:டி.எச்.சி. என்று தொடங்கி எண் வரும், இரு நீதிபதிகள் அமர்வு என்றால் இறுதியில் டி.பி. (டிவிஷன் பென்ச்) சேரும். கர்நாடகம் தார்வாடுக்கும் கலபுரகிக்கும் தனி எழுத்து வைத்திருக்கிறது. அலகாபாத்தில் லக்னோ அமர்வுக்கு எல்.கே.ஓ. பம்பாயில் நாக்பூர், அவுரங்காபாத், கோவா எல்லாம் எண்ணிலேயே தெரியும். சென்னையில் எம்.எச்.சி. நம் உத்தரவுகளின் இறுதிப் பக்கத்தை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். இன்டெக்ஸ் ஆம்/இல்லை, நியூட்ரல் சைட்டேஷன் ஆம்/இல்லை என்று சின்ன எழுத்தில் வரிசையாக இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. அந்த எண் இல்லாத உத்தரவைக் காட்ட வேண்டியிருந்தால், வழக்கு எண்ணும் நாளும்தான் முகவரி. மதுரை அமர்வு என்றால் எண்ணுக்கு முன்னால் எம்.டி. என்ற அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். சி.எம்.ஏ. (ஒரு வகை மேல்முறையீடு) எண் 500 சென்னையிலும் இருக்கும், மதுரையிலும் இருக்கும். இரண்டும் வேறு வழக்கு.

வெளிமாநிலத் தீர்ப்பு என்றால் இன்னும் கவனம் தேவை. கேரளத்தில் கே.எல்.டி., டெல்லியில் டி.எல்.டி. என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். திண்டுக்கல்லில் அந்தப் புத்தகம் யாரிடம் இருக்கும்? அங்கே நியூட்ரல் எண்ணோ ஏ.ஐ.ஆரோ கொடுங்கள்.

இங்கிலாந்துத் தீர்ப்புகளில் அடைப்புக்குறியின் வடிவத்துக்கே பொருள் உண்டு. பாட்டிலில் நத்தை கிடந்த டொனாஹ்யூ எதிர் ஸ்டீவன்சன் [1932] ஏ.சி. (அப்பீல் கேசஸ்) 562. ஆண்டு இல்லாமல் புத்தகத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்றால் சதுர அடைப்பு. தொகுதி எண்ணே போதும், ஆண்டு வெறும் தகவல் என்றால் வட்ட அடைப்பு. நம் எஸ்.சி.சி. இந்த விதியைப் பார்ப்பதில்லை. எந்தத் தொடருக்கு முன்னுரிமை என்பதிலும் அங்கே எழுதிய விதி இருக்கிறது: அதிகாரபூர்வ லா ரிப்போர்ட்ஸில் வந்திருந்தால் அதைத்தான் காட்ட வேண்டும், இல்லாவிட்டால்தான் அடுத்தது. நம் கீழமை நீதிமன்றங்களில் நீதிபதியின் மேஜையில் எந்தப் புத்தகம் இருக்கிறதோ அதற்குத்தான் நடைமுறையில் மதிப்பு. பென்ச் கிளார்க்கிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வடிவம் சரியாக இருப்பதால் தீர்ப்பு இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். 2023-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில், சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை இரண்டு வழக்கறிஞர்கள் அப்படியே தாக்கல் செய்தார்கள். அதில் வர்கீஸ் எதிர் சைனா சதர்ன் ஏர்லைன்ஸ் என்று ஒன்று. தொகுதி 925, எஃப்.3டி (அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்புத் தொடர்), பக்கம் 1339. பார்க்க அச்சு அசல். அந்தத் தொகுதியைத் திறந்தால் அந்தப் பக்கம் வேறொரு வழக்கின் நடுவில் விழுந்தது. வர்கீஸ் என்று ஒரு வழக்கே இல்லை. 5,000 டாலர் அபராதம். ஹெட்நோட்டை (தீர்ப்பின் மேலே பதிப்பாளர் தரும் சுருக்கத்தை) மட்டும் படித்துவிட்டு சைட்டேஷன் போடுவதும் எனக்கு இதற்கு ரொம்ப தூரமாகத் தெரியவில்லை. ஹெட்நோட் எழுதியவர் நீதிபதி அல்ல. இரு தரப்பு வாதத்தைச் சுருக்கும்போது, வழக்கறிஞர் சொன்னது நீதிமன்றம் சொன்னதுபோல் ஆகிவிடும் இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வழக்குக்கு வருவோம். எழுத்து வாதத்தைத் திருத்தி ஒரு மெமோவோடு கொடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இப்படி எழுதலாம்: "சர்லா வர்மா எதிர் டெல்லி போக்குவரத்துக் கழகம், (2009) 6 எஸ்.சி.சி. 121, பத்தி 42. இணைப்புப் பிரதியில் பக்கம் 3." நியூட்ரல் எண்ணை எஸ்.சி.ஆர். தளத்தில் தேடி எடுத்துப் பெயருக்கு அடுத்து சேருங்கள். இணைப்பது எஸ்.சி.சி. நகலாக இருக்கட்டும். அது கிடைக்காவிட்டால் மூலப் பிரதியை இணைத்து, பத்தி எண்ணை அதில் இருக்கிறபடி மாற்றுங்கள். எந்தப் பிரதியைக் கொடுக்கிறீர்களோ அந்தப் பிரதியின் பத்தி எண். அந்த வரிகளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தின் விளிம்பில் சின்னத் தாள் ஒட்டி, எதிர்த்தரப்புக்கும் அதேபோல் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், அந்த இன்னொரு தீர்ப்பைப் பிறகு வந்த பெரிய அமர்வு எதுவும் மாற்றவில்லையா என்று தாக்கல் செய்வதற்கு முதல் நாள் இரவு மறுபடியும் ஒரு முறை பாருங்கள். எண்ணைப் பார்த்தால் அது தெரியாது.