கழிச்சல் கன்றுக்கு இரண்டு ஊசியும் சேர்த்துப் போடலாமா?

கேள்வி: பிறந்து 20 நாளான கன்று, 30 கிலோ. கழிச்சலும் காய்ச்சலும் இருந்ததால் டாக்டர் ஜென்டாமைசினும் (ஆன்டிபயாடிக்) மெலாக்சிகாமும் (காய்ச்சல், வலி மருந்து) போட்டார். மீதி மருந்து கையில் இருக்கிறது. மறுநாளும் நானே இரண்டையும் போடலாமா?

பதில்: வேண்டாம். ஜென்டாமைசின் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் தேங்கி அவற்றைக் கெடுக்கக்கூடிய மருந்து. மெலாக்சிகாமோ, நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைக் காத்துக்கொடுக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற உடற்பொருளைக் குறைத்துவிடும். கழிச்சலில் வற்றிப்போன கன்றுக்கு இந்த ஜோடி இரட்டை அடி.

கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். உடனே படியாமல் கூடாரம்போல் நின்றாலோ, கண் குழிந்திருந்தாலோ நீர்தான் முதல் மருந்து. உடல் எடையில் 8 சதவீதம் வற்றியிருந்தால் 30 கிலோவுக்கு 2.4 லிட்டர் குறைவு. கழிச்சலில் தொடர்ந்து போவது தனி. உப்பு-சர்க்கரைக் கரைசலைப் பாலோடு கலக்காமல், இடைவெளி விட்டுக் கொடுங்கள். உறிஞ்சத் தெம்பில்லாவிட்டால் டாக்டர் நரம்பில்தான் ஏற்ற வேண்டும்.

மெலாக்சிகாம் கிலோவுக்கு அரை மில்லிகிராம்; உங்கள் கன்றுக்கு 15 மில்லிகிராம், அதாவது மில்லிக்கு 5 மில்லிகிராம் உள்ள மருந்தில் 3 மில்லி. கன்றின் உடலில் ஒரு நாளுக்கு மேல் நிற்கும், அதனால் ஒரு ஊசியே பெரும்பாலும் போதும். இதோடு டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியும் சேர்த்தால் இரைப்பையில் புண் விழலாம். சாணம் தார்போல் கறுத்தால் அதுதான் அறிகுறி. ஆன்டிபயாடிக்கைத் தொடர்வதா, மாற்றுவதா என்பதை டாக்டர் கன்றைப் பார்த்துச் சொல்லட்டும்.

டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தின் பழைய குப்பி கிடந்தால் தொடாதீர்கள். பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்ற மருந்து அது. கால்நடைக்கு 2006 முதலே தடை.