முனை இறங்கும் வாள்

கேள்வி: 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய ரேப்பியர் (முனையால் குத்துவதற்கான நீண்ட, ஒல்லியான வாள்) போலச் செய்த பயிற்சி வாள் ஒன்று வாங்கினேன். எடை 1,200 கிராம். கைக்காப்பிலிருந்து 15 செ.மீ. தள்ளி விரலில் வைத்தால் சமமாக நிற்கிறது. ஆனால் கையை நீட்டிப் பிடித்தால் சீக்கிரமே முனை இறங்கிவிடுகிறது. பிடியின் அடியில் உள்ள குமிழைக் கனமாக மாற்றலாமா?
– ஒரு வாசகர், லண்டன்

பதில்: குமிழில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். காப்புக்கு 12 செ.மீ. பின்னால் இருக்கும் குமிழில் 150 கிராம் கூட்டினால் சமநிலைப் புள்ளி 12 செ.மீ.க்கு வந்துவிடும். முனை இறங்குவது குறையும்தான். ஆனால் நீட்டிய கையில் 1,350 கிராம் நிற்கும். அலகின் முன்பாதியில் உள்ள எஃகு ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது. எதிராளியின் வாளுக்கு அடியில் முனையைச் சட்டென்று சுழற்றி மறுபக்கம் கொண்டுபோகும்போது அந்த மந்தம் தெரியும்.

முதலில் பிடியைப் பாருங்கள். சுத்தியலைப் பிடிப்பது போல ஐந்து விரலாலும் பிடியை இறுக்குகிறீர்களா? ஆள்காட்டி விரலைக் குறுக்குக் கம்பிக்கு முன்னால் கொண்டுபோய், காப்புக்குள் இருக்கும் தீட்டாத அலகைச் சுற்றி வளையுங்கள். கை இரண்டு மூன்று செ.மீ. முன்னால் போய்விடும். குமிழ் மாற்றிப் பெற நினைத்தது செலவில்லாமல் கிடைக்கும். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு இதோடு பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

தீரவில்லை என்றால் காலிப்பரை எடுத்து அலகின் தடிமனை அடியிலிருந்து முனைவரை அளந்து பாருங்கள். நல்ல அலகு அடியில் தடித்து, முனையை நோக்கி நன்றாக மெலிந்துகொண்டே போகும். எதிர் வாளைத் தடுத்துத் தள்ளுவது அடிப்பாதி. கனம் அங்கேதான் இருக்க வேண்டும். மலிவான நகல்களில் ஒரே தடிமன் கடைசிவரை ஓடுகிறது. சமநிலைப் புள்ளியை மட்டும் விளம்பரத்தில் போட்டு இதை மறைப்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும்.

எடையைப் பற்றிக் கவலை வேண்டாம். இன்றைய விளையாட்டு வாளான எப்பே 770 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அதில் பழகிய கைக்கு 1,200 கிராம் பாரமாகத்தான் தெரியும். ரேப்பியருக்கு அது இயல்பான எடை.

அலகுதான் குற்றவாளி என்றால் அலகையே மாற்றுங்கள். அரவைக் கல்லில் நீங்களாகவே தேய்க்க வேண்டாம். சூடேறினால் எஃகின் பதம் கெடும். பயிற்சியில் வளைய வேண்டிய இடத்தில் உடைந்து, எதிரே நிற்பவரின் முகமூடியைக்கூடத் துளைக்கலாம்.