வாய்க்காலில் இருந்து தொடங்குங்கள்

அன்புள்ள ஐயா,

கோவைக்கு மேற்கே எங்கள் ஊர்க் குளத்தில் இரண்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் வேலை செய்கிறோம். சீமைக்கருவேலத்தை வெட்டினோம், குப்பை அள்ளினோம், கரையில் மரக்கன்றுகள் நட்டோம். சென்ற ஆடியில் நொய்யலில் வெள்ளம் போனது. எங்கள் குளத்துக்கு ஒரு சொட்டு வரவில்லை. நாற்பது பேராக இருந்த நாங்கள் இப்போது ஒன்பது பேர். "அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையை நீங்கள் ஏன் இழுத்துப் போட்டுக்கொள்கிறீர்கள்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

கா.

அன்புள்ள கா.,

ஒன்பது பேர் இருக்கிறீர்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. குளத்து வேலைக்கு அது போதும்.

உங்கள் கடிதத்தில் கருவேலம் இருக்கிறது, குப்பை இருக்கிறது, மரக்கன்று இருக்கிறது. வாய்க்கால் இல்லை. கோவைக் குளங்கள் தங்கள் மேல் பெய்யும் மழையை மட்டும் நம்பி வெட்டப்பட்டவை அல்ல. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை நொய்யலில் இறங்குகிறது. ஆற்றின் குறுக்கே உள்ள அணைக்கட்டுகள் அந்த நீரை வாய்க்கால்களில் திருப்புகின்றன. சித்திரைச்சாவடி வாய்க்காலை நம்பி நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி என்று குளங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்று நிரம்பினால்தான் அடுத்ததற்குத் தண்ணீர். நொய்யலில் புதுவெள்ளம் ஓடுவதோ ஆண்டில் சில நாட்கள். அந்த நாட்களில் வாய்க்கால் அடைபட்டிருந்தால், குளத்தை எவ்வளவு அழகாக வைத்திருந்தாலும் வெள்ளம் அதன் பக்கமே திரும்பாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவோடு வாய்க்கால் வேலைக்குப் போனேன். சாலைக்கு அடியில் போகும் ஒரு குழாய்ப் பாலம், இரண்டடி விட்டம்தான் இருக்கும். கம்பியை விட்டுக் குத்தினால் மெத்தென்று உள்ளே போகிறது, எதிர்ப்பக்கம் வெளியே வரவில்லை. இரண்டு பேர் படுத்துக்கொண்டு கையால் இழுத்தார்கள். முதலில் தேங்காய் மட்டைகள், பிறகு சாக்கில் கட்டிய கோழிக்கழிவு, கடைசியில் மடித்துத் திணித்ததுபோல் ஒரு பழைய இலவம்பஞ்சு மெத்தை. நீரில் ஊறிய அந்த மெத்தையை வெளியே எடுக்க எட்டுப் பேரும் ஒரு காலை நேரமும் தேவைப்பட்டன. மெத்தை வந்ததும் பின்னால் தேங்கியிருந்த கரிய நீர் எங்கள் கால்களை நனைத்துக்கொண்டு ஓடியது. நாற்றம் தாங்கவில்லை. ஆனால் அது ஓடிய திசையைப் பார்த்து எல்லோரும் கைதட்டினோம்.

அதனால் உங்கள் ஒன்பது பேரும் இனிக் குளத்துக்குள் இறங்க வேண்டாம். குளத்துக்குள் நீர் நுழையும் மதகில் தொடங்கி ஆற்றின் அணைக்கட்டு வரை வாய்க்கால் ஓரமாகவே நடந்து போங்கள். உங்கள் ஊரில் முன்பு தண்ணீர் பாய்ச்சும் வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பல ஊர்களில் நீர்க்கட்டி என்று ஓர் ஆளே இதற்கென்று இருந்தார். எந்த இடத்தில் கரை உடையும், எந்த வளைவில் மண் மேடிடும் என்பது அவர் காலுக்குத் தெரியும்.

வீட்டில் கேட்கும் கேள்வி நியாயமானது. வாய்க்காலை மறித்து ஒருவர் சுவர் கட்டியிருந்தால் அதை நீங்கள் இடிக்க முடியாது, இடிக்கவும் கூடாது. அதற்கு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. பாதாளச் சாக்கடை போட வேண்டியது உள்ளாட்சி அமைப்பு. ஆனால் கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு என்னும் நிலப் பதிவேட்டைப் பார்த்து, நில அளவை வரைபடமான புலப்படத்தின் நகலை வாங்கி, வாய்க்காலின் அகலம் எத்தனை மீட்டர் என்று கண்டறிந்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் வாய்க்காலில் இறங்கி வேலை செய்தவராக இருந்தால், அவர் கேள்விக்கு அதிகாரி மழுப்ப முடியாது. அரசின் வேலையை நீங்கள் இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை, அரசை வேலைக்கு இழுக்கிறீர்கள்.

உங்கள் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் 2017 முதல் ஞாயிறுதோறும் குளம் குளமாக இறங்கி வேலை செய்தவர்கள். பல ஆண்டுகள் வறண்டு கிடந்த வெள்ளலூர் குளத்தில் அவர்கள் நீர்வழியையும் சீராக்கினார்கள். தண்ணீர் வந்தது, கரையில் காடு வந்தது, வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு சேர்ந்து வேலை செய்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று, எனக்கு மனத்தாங்கலான விஷயம். குளத்தைக் கிண்ணம்போல் சுற்றிலும் செங்குத்தாக வெட்டிக் கல் பதிக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. தயவுசெய்து அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கணுக்காலளவு நீர் நிற்கும் சரிவான ஓரம்தான் உள்ளான், நீர்க்கோழி போன்ற பறவைகள் இரை தேடும் இடம்.

பங்குனி பிறந்துவிட்டது. ஆனியில் மழை பிடித்தால் மூன்று மாதம்தான் கையில் இருக்கிறது. வாய்க்காலை முழுக்க நடந்து பார்த்துவிட்டு, எங்கெங்கே அடைப்பு என்று எழுதுங்கள். சித்திரையில் ஒரு ஞாயிறு நானும் வருகிறேன்.

அன்புடன்.