சார்ஜிங் ஆப்பில் சிக்கிய 6,200 ரூபாயும் மச்சினன் கேட்கும் ஆறு லட்சமும்

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் வாடகை வீடு. கைக்கு வரும் சம்பளம் 82,000. 14 மாதத்துக்கு முன் 45 யூனிட் பேட்டரி உள்ள மின்சாரக் கார் வாங்கினேன், தவணை 21,400. மாதம் 1,500 கி.மீ. ஓடுகிறது. பழைய காருக்குப் பெட்ரோல் பத்தாயிரம் ஆனது. இப்போது சார்ஜிங் ஆப்களில் மாதம் 10,500 போகிறது! நான்கு ஆப் வாலட்டுக்கும் கிரெடிட் கார்டிலிருந்து ஆட்டோ ரீலோட் (இருப்பு குறைந்தால் தானாகப் பணம் ஏறும் ஏற்பாடு) வைத்திருக்கிறேன். கார்டில் 46,000 நிற்கிறது, மினிமம் டியூ கட்டிவருகிறேன். ஆர்.டி.யில் 60,000 இருக்கிறது. வாரம் இரண்டு நாள் மாலையில் ஸ்டேஷனில் முக்கால் மணி நேரம் வரிசை. மாதச் சந்தா எடுத்தால் செலவு குறையுமா? இதற்கிடையில் மனைவியின் தம்பி, "இவ்வளவு கூட்டம் நிக்குதே மாமா, நாமளே ஒரு ஸ்டேஷன் போடலாம்" என்று ஆறு லட்சம் பர்சனல் லோன் எடுத்துத் தரச் சொல்கிறார். மூன்று மாத ஸ்டேட்மென்டை இணைத்திருக்கிறேன்.

பதில்: சந்தாவைப் பிறகு பார்ப்போம். உங்கள் பணத்தைத் தின்பது ஆட்டோ ரீலோட். நீங்கள் வரிசையில் நிற்பதற்கும் பாதிக் காரணம் அதுதான்.

ஸ்டேட்மென்டைக் கூட்டிப் பார்த்தால், மூன்று மாதத்தில் வாலட்களுக்குப் போனது 31,500. அதில் உங்கள் கார் குடித்த மின்சாரம் சுமார் 725 யூனிட். யூனிட் 21 ரூபாய், மேலே 18% ஜிஎஸ்டி, ஆக 24.78. மொத்தம் 18,000. அதாவது மாதம் 6,000. கிலோமீட்டருக்கு நான்கு ரூபாய். வெறும் பொது ஸ்டேஷனை நம்பி ஓட்டும் காருக்கு இது நியாயமான கணக்குதான்.

மீதி 13,500 எங்கே போனது? சார்ஜ் முடிந்தும் காரை எடுக்காததற்கான ஐடில் கட்டணம் 2,340. மேட்டுப்பாளையத்திலும் அவிநாசியிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த சார்ஜ் 4,960. அந்த நாட்களில் உங்கள் கார் வீட்டில் இருந்ததாக நீங்களே குறித்திருக்கிறீர்கள். உங்கள் லாகினில் உங்கள் மச்சினன்தான் தன் வண்டிக்கு ஏற்றியிருக்க வேண்டும். கடைசி 6,200 இன்னும் செலவாகவே இல்லை. இருப்பு 500-க்குக் கீழே இறங்கினால் 2,000 ஏற்று என்று நான்கு ஆப்பிலும் வைத்திருப்பதால் அது நான்கு பொட்டலமாகச் சும்மா கிடக்கிறது.

கார்டில் மினிமம் மட்டும் கட்டுகிறவருக்கு வட்டியில்லா நாள் என்று ஒன்று கிடையாது. ரீலோட் ஆன அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடும். மாதம் 3.5% என்று வைத்தால் 46,000-க்கு 1,610. அந்த வட்டிக்கும் ஜிஎஸ்டி உண்டு, ஆக 1,900. ஆறாயிரம் ரூபாய் மின்சாரத்துக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் வட்டி! "2,000 போட்டால் 100 ரூபாய் போனஸ்" என்ற விளம்பரத்தைப் பார்த்து ரீலோட் வைத்திருப்பீர்கள். அந்த 100 ரூபாய் ஒன்றரை மாத வட்டிக்குக்கூடக் காணாது.

இனி வரிசை. உங்கள் பில்களில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. எந்த ஆப்பில் இருப்பு அதிகமோ அந்த வாரம் அந்த ஸ்டேஷனுக்கே போயிருக்கிறீர்கள். ஒரு கிலோமீட்டர் தள்ளி வேறொரு நிறுவனத்தின் சார்ஜிங் கன் (காரில் செருகும் முனை) காலியாக இருந்தாலும், "இங்கேதான் காசு கிடக்கே" என்று நின்றிருக்கிறீர்கள். உங்களைப் போலவே இன்னும் பத்துப் பேர். கூட்டம் சேர்வது இப்படித்தான்.

ஆக, செய்ய வேண்டியது வரிசைப்படி இது.

இன்றே நான்கு ஆப்பிலும் ஆட்டோ ரீலோடை அணைத்து, சேமித்து வைத்த கார்டை நீக்குங்கள். ஆப்பை மட்டும் டெலீட் செய்தால் ரீலோட் நிற்காது. கார்டு கணக்கில் இருக்கும் தானியங்கி அனுமதியையும் வங்கி ஆப்பில் ரத்து செய்ய வேண்டும். பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

வாலட்டில் கிடப்பதைத் திருப்பிக் கேட்டு எழுதிப் பாருங்கள். ஆனால் பெரிதாக நம்ப வேண்டாம். ஒரே நிறுவனத்தின் சேவைக்கு மட்டும் பயன்படும் வாலட்டுகளில் பணமாக எடுக்கும் வசதி கிடையாது. அவை ரிசர்வ் வங்கியின் அனுமதிக்குள்ளும் வருவதில்லை. ஒவ்வொன்றாகத் தீர்த்து, தீர்ந்ததும் விட்டுவிடுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் யூபிஐ. தொகை போட்டு ஏற்றும்போது, மிச்சம் வங்கிக் கணக்குக்குத் திரும்புமா, வாலட்டுக்குப் போகுமா என்று அந்தத் திரையிலேயே சிறிய எழுத்தில் இருக்கும். வாலட்டுக்குத்தான் போகும் என்றால் தேவையான தொகையை மட்டும் போடுங்கள். பணம் போய்ச் சார்ஜ் ஏறாவிட்டால் அங்கேயே சார்ஜர் எண், செஷன் எண் (அந்த ஒரு முறை சார்ஜுக்கான எண்), தொடக்க யூனிட், முடிவு யூனிட் நான்கும் தெரியும்படி திரையைப் படம் எடுத்துப் புகார் போடுங்கள். வீட்டுக்கு வந்து யோசித்தால் செஷன் எண் கிடைக்காது.

ஆர்.டி.யை உடைத்துக் கார்டுக் கடனை அடைத்துவிடுங்கள். ஏழு சதவீதம் சம்பாதிக்கும் பணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்பத்திரண்டு சதவீதம் கட்டுவதற்கு என்ன பெயர் வைப்பது? முன்கூட்டி எடுப்பதற்கான அபராதம் இந்த வட்டியோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

ஸ்டேஷனில் நிற்கும்போது 80 சதவீதத்தோடு கிளம்புங்கள். யூனிட் கணக்கில் பில் வருவதால் 80-க்கு மேல் ஏற்றினால் யூனிட் விலை கூடாது, நேரம்தான் போகும். வேகச் சார்ஜரில் 10-லிருந்து 80 வரை சுமார் ஒரு மணி நேரம் என்றால், அதற்குப் பிறகு பேட்டரி தானாகவே மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசி இருபது சதவீதத்துக்கு இன்னொரு முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். அவ்வளவு நேரமும் பின்னால் ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். உங்கள் பேட்டரி எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகையாக இருந்து கம்பெனி அவ்வப்போது 100% ஏற்றச் சொல்லியிருந்தால், அதை மெதுவான ஏசி சார்ஜரில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: 80-ல் நிறுத்து என்று செட் செய்துவிட்டு டிபன் சாப்பிடப் போனால், அந்த நிமிடத்திலிருந்தே ஐடில் கணக்கு ஓடலாம். காரின் ஆப்பில் 75-க்கு அலாரம் வையுங்கள்.

இரட்டைக் கன் உள்ள 60 கிலோவாட் சார்ஜர்களில், இன்னொரு கார் சேர்ந்தால் முப்பது முப்பதாகப் பிரியும் வகைதான் நிறைய. இரண்டாவது கன் காலி என்று சந்தோஷப்பட்டுச் செருகினால் இருவருக்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். தனியாக நிற்கும் 30 கிலோவாட் சார்ஜர் காலியாக இருந்தால் அதுவே மேல். மாலை ஆறு முதல் ஒன்பதைத் தவிருங்கள். 2024 செப்டம்பரில் வந்த மத்திய மின்துறை வழிகாட்டுதல், காலை 9 முதல் மாலை 4 வரை ஸ்டேஷன்களுக்கு வழங்கும் மின்சாரத்தை, மின்வாரியம் ஒரு யூனிட் வழங்க ஆகும் சராசரிச் செலவில் 0.7 மடங்குக்கும், மற்ற நேரங்களில் 1.3 மடங்குக்கும் கொடுக்கச் சொல்கிறது. அந்த வித்தியாசத்தை வாடிக்கையாளருக்குத் தருகிற ஆப்களில் பகல் விலை தனியாகக் காட்டும். சனிக்கிழமை பகலில் ஏற்றினால் வரிசையும் இருக்காது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மிச்சம் வீட்டில் இருக்கிறது. வாடகை வீடு என்று நீங்கள் கேட்கவே இல்லை போலிருக்கிறது. உங்களுக்குத் தனி மீட்டர் இருந்தால், ஓனரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, காலி செய்யும்போது கழற்றிக்கொள்வதாகச் சொல்லி, போர்ட்டிகோவில் ஒரு 15 ஆம்பியர் பாயின்ட் போடுங்கள். 4 சதுர மி.மீ. காப்பர் வயர், தனி எர்த், 30 மில்லிஆம்பியர் ஆர்சிபிஓ (மின்கசிவு வந்தால் தானாகத் துண்டிக்கும் பிரேக்கர்), இன்டஸ்ட்ரியல் சாக்கெட். பத்து மணி நேரம் தொடர்ந்து 13 ஆம்பியர் இழுக்கும் வேலை இது. எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினால் சாக்கெட் உருகும், சில வீடுகளில் அதற்கு மேலும் ஆகும். தூரத்தைப் பொறுத்து 12,000 முதல் 18,000 வரை ஆகலாம்.

"வீட்டுக் கரண்ட் சும்மா மாதிரி" என்று நண்பர்கள் சொல்வதை நம்பாதீர்கள். இரண்டு மாதத்துக்கு உங்கள் வீடு 380 யூனிட் என்றால், காருக்கு, சார்ஜ் ஏறும்போது ஆகும் இழப்பையும் சேர்த்து, 520 கூடும்; மொத்தம் 900. 500-ஐத் தாண்டியதும் மானிய அடுக்கு போய்விடும், மேல் அடுக்குகள் ஒவ்வொன்றும் ஏறும். கூடுதலாக வருவதை வகுத்தால் யூனிட்டுக்கு ஒன்பதரை ரூபாய் அளவில் விழும். மாதம் 260 யூனிட்டுக்கு 2,500. ஸ்டேஷனில் ஆறாயிரம்! மாதம் 3,500 மிச்சம். பாயின்ட் போட்ட செலவு நாலைந்து மாதத்தில் திரும்பிவிடும்.

இப்போது சந்தா. மாதம் 999 கட்டினால் யூனிட்டுக்கு மூன்று ரூபாய் தள்ளுபடி என்கிறார்கள். அசலை எடுக்கவே 333 யூனிட் வேண்டும். நீங்கள் எரிப்பது 240. வீட்டில் ஏற்றத் தொடங்கிவிட்டால் ஸ்டேஷனில் மாதம் நாற்பதைத் தாண்டாது. வேண்டாம். கார் கடன் வட்டிக்கு வரிச் சலுகை உண்டு என்று யாராவது சொன்னால், வருமான வரியின் 80இஇபி பிரிவு 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடனோடு முடிந்துவிட்டது. உங்களுக்குப் பொருந்தாது.

கடைசியாக ஆறு லட்சம். 14% வட்டி, ஐந்து வருடம் என்றால் தவணை சுமார் 13,960. ஒரு 60 கிலோவாட் சார்ஜர் 24 மணி நேரமும் ஓடினால் 1,440 யூனிட் தரும். அதில் ஐந்து சதவீதம் விற்றால் நாளுக்கு 72 யூனிட், மூன்று நான்கு கார். மின் கட்டணம், ஆப் நிறுவனத்தின் பங்கு, இட வாடகை எல்லாம் போக யூனிட்டுக்கு ஏழு ரூபாய் நிற்கிறது என்று தாராளமாகவே வைப்போம்: மாதம் 15,000. பராமரிப்பு, இன்டர்நெட், காவலுக்கு ஆறாயிரம் போனால் மிச்சம் ஒன்பதாயிரம். தவணைக்கு ஐயாயிரம் குறைகிறது. அதை உங்கள் சம்பளம்தான் கட்டும். இத்தனைக்கும் மின் இணைப்பு, சிவில் வேலை எல்லாம் சேர்த்தால் ஆறு லட்சத்தில் அந்தச் சார்ஜர் நிற்குமா என்பதே சந்தேகம்.

மச்சினன் பார்த்த வரிசை பொய்யில்லை. ஆனால் அது மாலை இரண்டு மூன்று மணி நேரத்து வரிசை. அந்த நேரத்தில் ஒரு கன்னால் இரண்டு மூன்று காருக்கு மேல் விற்க முடியாது. மற்ற இருபத்தொரு மணி நேரம் என்ன விற்கிறது என்பதில்தான் தொழில் இருக்கிறது. பக்கத்தில் ஏற்கெனவே ஓடும் ஏதாவது ஒரு ஸ்டேஷனின் ஒரு மாத செஷன் பட்டியலை, மணி வாரியாக, வாங்கி வரச் சொல்லுங்கள். அந்தக் காகிதம் வரும்வரை லோன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.